முன் இடது

அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் நின்றிருந்தது. மருதமலைப் பக்கம் மேகம் தாழ்ந்து கிடக்க, துடியலூர்ச் சாலையில் பேருந்துகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. டயர் கடையில் வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் ஒரு கோடியில் கோகிலவாணியும் மறு கோடியில் அவள் கணவர் திருமூர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் அவருடைய ஈரக் குடை. நாளை காலை பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றம். இருவரும் சேர்ந்து கொடுத்த மனுவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. நாளை நீதிபதி இருவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்பார், இருவரும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான் என்று வக்கீலம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில் கோகிலவாணி மாட்டிக்கொண்டு இரண்டு நாளாயிற்று. இருபத்து மூன்று வருடத்தை ஒரு சொல்லில் மடித்து வைக்க முடிகிறதென்றால் அதைச் சொல்கிறவருக்கு அது எத்தனையாவது குடும்பமோ. ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி கூப்பிட்டிருந்தார். “நாலு டயரும் மொழுமொழுன்னு ஆயிருச்சு கோகி. மழைக்காலம் வேற. புதன்கிழமைக்கு முன்னாடி மாத்திப்போடலாம். சென்சாரையும் சேத்து மாத்திரலாம், அதுதான் பொய் பேசுது.” கோர்ட்டுக்கு முன்னாடி என்று சொல்லாமல் புதன்கிழமைக்கு முன்னாடி என்று சொன்னார். அதை அவள் கவனித்தாள். கவனித்து என்ன ஆயிற்று. வண்டி அவளுக்கு என்று மனுவில் எழுதியிருந்தது. கொடுக்கிற பொருளைப் பழுதில்லாமல் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர், கொடுத்துவிட்டுப் போவதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

பொய் பேசுகிற சென்சார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று இருக்கிறது, உள்ளே காற்று எவ்வளவு என்று அளந்து சொல்கிறது, குறைந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது, கூடவே குட்டிக் கார்ப் படம் ஒன்று வந்து எந்தச் சக்கரம் என்றும் காட்டுகிறது; இதெல்லாம் அவளுக்குத் தெரியும், இயற்பியல் கற்றுக்கொடுக்கிறவளுக்குத் தெரியாமலா. எட்டு மாதமாக அது முன் இடது என்றே காட்டியது. அவர் பொள்ளாச்சியில் அறை எடுத்துக்கொண்டு போன அதே மாதம் முதன்முதலாக எரிந்தது. எரிந்தால் அவள் செய்தி அனுப்புவாள்: விளக்கு எரிகிறது. அவர் எழுதுவார்: சனிக்கிழமை வர்றேன். சனிக்கிழமை அவர் பேருந்தில் வந்து இறங்குவார், அவள் வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சாவியை அவரிடம் கொடுப்பாள், பங்க்கில் நாலு சக்கரத்துக்கும் காற்றடித்ததும் விளக்கு அணையும், மூன்று வாரம் கழித்து மறுபடி எரியும். முன் இடது டயரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி இரண்டு முறை பார்த்தாயிற்று; ஒரு குமிழிகூட வரவில்லை. டயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். காற்று அவளே அடித்திருக்கலாம். கல்லூரியிலிருந்து வரும் வழியில்தான் பங்க் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த மஞ்சள் விளக்கு எரியுமா என்று பார்த்துக்கொண்டே ஓட்டியவள், எரியாமல் நாள் தள்ளிப்போனால் மனம் ஒடிந்தவள், அந்தப் பொய்யை மாற்றப்போகிறோம் என்றதும் சரி என்று சொன்னாள். ஏன் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது. அது எரியட்டும், அது எரிந்தால்தான் நீங்கள் வருவீர்கள் என்றா. பங்க்கில் அவர் வேப்பமரத்தடியில் நின்றிருப்பார், சட்டை முதுகில் பேருந்து இருக்கையின் மடிப்பு. வீட்டுக்கு அவரை அவள் கூப்பிட்டதில்லை. அடுக்ககத்தில் எல்லாரிடமும் அவருக்குப் பொள்ளாச்சியில் வேலை அதிகம், அங்கேயே தங்கிவிடுகிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். பார்த்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், அவர் சங்கடப்படுவார், எதற்கு. அவருக்காகத்தான். பங்க்கிலேயே பார்த்து, பங்க்கிலேயே சாவியை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே அனுப்பிவிடுவது அவருக்கு எளிது என்று அவள் நினைத்தாள்.

“சார், கொஞ்சம் வாங்க. மேடம், நீங்களும் வாங்க.” கடைக்காரர் முஸ்தபா கூப்பிட்டார், நாற்பத்தைந்து வயது இருக்கும், காதில் பென்சில், கையில் கைப்பேசியைவிடச் சற்றுப் பெரிய கருவி. வண்டி தூக்கியில் இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்தது. “யாரு சார் இந்த டயரையெல்லாம் மாத்திப் போட்டது?” “நான்தானுங்க,” என்றார் திருமூர்த்தி. “போன தீவாளிக்கு முன்னாடி. முன்னாடி இருந்ததைக் குறுக்கா பின்னாடி, பின்னாடி இருந்ததைக் குறுக்கா முன்னாடி. அப்பத்தானே ஒரே மாதிரி தேயும்.” “நல்ல காரியந்தான். மாத்திப் போட்டீங்க, அதை வண்டிக்கு யாரு சொன்னது?” “வண்டிக்கா?” “பின்னே? சென்சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு சார். வண்டி அந்த நம்பரைத்தான் பார்க்கும், அது எங்க சுத்துதுன்னு பார்க்காது. இந்த நம்பர் முன் இடதுன்னு அது முதல்ல படிச்சுக்கிச்சு. நீங்க அதைத் தூக்கிட்டுப் போய்ப் பின் வலதுல மாட்டிட்டீங்க. அதுக்கு இன்னமும் அது முன் இடதுதான்.” முஸ்தபா குனிந்து பின் வலது டயரை மெல்லச் சுற்றினார். தேய்ந்த பள்ளத்துக்குள், மழைநீரில் மினுங்கிக்கொண்டு, ஒரு ஆணியின் தலை. “இது இன்னிக்கு நேத்து ஏறுனது இல்ல. சென்சார் பொய் சொல்லல சார். காத்து போகுது போகுதுன்னு அது நெசமாத்தான் கத்தியிருக்கு. இடந்தான் தப்பு. ஒரு பாவமும் அறியாதவனை ரெண்டு தடவ தண்ணில முக்கி எடுத்திருக்கீங்க.” திருமூர்த்தி சிரித்தார். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, எப்போது எடுத்தார், யார் கூடப் போனார்கள். “அப்போ பழைய சென்சாரே போதுங்களா?” என்று அவள் கேட்டாள், கேட்ட வேகம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. “போதும்னு சொல்லிருவேன் மேடம், ஆனா ஏழு வருசம் ஆச்சு. உள்ள இருக்கிற பேட்டரியைத் தனியா மாத்த முடியாது, அப்படியே மூடித்தான் வரும். இன்னிக்கு டயரைக் கழட்டும்போதே மாத்திட்டா ஒரே வேலை. இல்லேன்னா ஆறு மாசத்துல ஒண்ணொண்ணா சாகும், ஒவ்வொண்ணுக்கும் புது டயரைத் திரும்பக் கழட்டணும்.” மாத்திருங்க என்று திருமூர்த்தி சொன்னார்.

மறுபடி நாற்காலிக்கு வந்தார்கள். உள்ளே டயரை விளிம்பிலிருந்து பிரிக்கும் இயந்திரம் ஒருமுறை முனகியது, ரப்பர் விடுபடும் சத்தம், புது ரப்பரின் வாடை, அந்த வாடைக்குக் கீழே மழை நனைத்த மண். முதலாண்டு மாணவிகளுக்கு முதல் வகுப்பில் அவள் சொல்வது ஒன்றுதான்: கருவி சொல்வதை எழுதுவதற்கு முன் கருவி எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள், சுழிப்பிழை இருந்தால் அதற்குப் பிறகு எடுத்த அளவெல்லாம் அதே பிழையைச் சுமக்கும். இருபத்தோரு வருடமாகச் சொல்கிறாள். அவள் எங்கிருந்து தொடங்கினாள். தர்மபுரியிலிருந்து. எப்போதும் தர்மபுரிதான். பத்து வருடத்துக்கு முன் தர்மபுரி அரசுக் கல்லூரிக்கு மாற்றல் வந்தது, மகள் மதிவதனி ஆறாம் வகுப்பு, இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை போனாள். அவர்தான் மகளுக்குத் தலை பின்னினார், அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தார். அவர் பேச்சு குறைந்தது அதனால்தான். வேறெதனால் இருக்கும். அவர் குறைந்ததை அவள் கண்டுபிடிக்காமலில்லை. விளக்கு எரிந்தது, பார்த்தாள், தர்மபுரி என்று காட்டியது. ஆகவே அங்கேயே சரிசெய்தாள். மாற்றல் கேட்டுச் சென்னைக்கு நாலு முறை அலைந்தாள், வந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தாள், ஊர் திரும்பியபின் ஒரு நாள்கூட வெளியூர்க் கருத்தரங்கு என்று போகவில்லை. அந்த இரண்டு வருடத்துக்காகப் பத்து வருடமாகச் சிறிது சிறிதாக மன்னிப்புக் கேட்டாள், கேட்டுக் கேட்டு அலுத்து, எவ்வளவுதான் கேட்பது என்று கோபப்பட்டாள். மார்ச் மாதம் ஒரு காலையில் அவர் “போதும் கோகி” என்றபோது எதனால் என்று அவள் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்தாள். மிக நன்றாக இருக்கிற ஒரு சக்கரத்தை. இரண்டு முறை தண்ணீரில். கேட்கலாமா. நாளை பத்தரைக்கு முன்னால் கேட்டால்தான் உண்டு, அதற்குப் பிறகு கேட்பதற்கு அவள் யார். கேட்டு, ஆமாம் தர்மபுரிதான் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடும். இல்லை என்று சொன்னால்.

“ஏனுங்க,” என்றாள், குடையைப் பார்த்துக்கொண்டு. “நான் தர்மபுரி போனதுதானே?” எது என்று அவர் கேட்கவில்லை. “அது எதுக்கு இப்போ?” “தெரிஞ்சுக்கோணும்.” “தர்மபுரியா. அதுல எனக்கென்ன. நானும் மதியும் அந்த ரெண்டு வருசம் நல்லாத்தான் இருந்தோம். நீ வெள்ளிக்கிழமை வர்றப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போட்டி போட்டுக்கிட்டு வருவோமே.” “பின்னே எது?” “விடு அம்மிணி.” “சொல்லுங்க.” அவர் குடையை எடுத்து, ஈரம் பட்டிருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார், குடையை மறுபடி அங்கேயே வைத்தார். “நீ தர்மபுரியிலிருந்து வந்த பொறகு கம்பெனியை மூடுனாங்களே, ஏழு மாசம் நான் வீட்டுல இருந்தேன். அப்போ யார் கேட்டாலும் நீ என்ன சொன்னே?” அவளுக்கு நினைவிருந்தது, உடனே சொல்லவும் முடிந்தது. “லீவுல இருக்காருன்னு சொன்னேன்.” “ஆமா. பால்காரம்மாகிட்ட லீவு. எதிர் வீட்டுல லீவு. எங்க அக்காகிட்டயே லீவு. வேலை போனது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல கோகி, முன்னூறு பேருக்குப் போச்சு, எனக்கும் போச்சு. நீ லீவு லீவுன்னு சொல்றப்பத்தான், ஓகோ, இது வெளிய சொல்லக்கூடாத விசயமாட்ட இருக்குதுன்னு எனக்கே தோணுச்சு. அப்புறம் உங்க அண்ணன் வந்து ஒரு வாரம் இருந்தாரே.”

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வாரம் கோகிலவாணியின் நினைவில் நல்ல வாரங்களின் பக்கத்தில் இருந்தது, அதுதான் கொடுமை. உடுமலையிலிருந்து அண்ணன் தணிகாசலம் கண் அறுவைச் சிகிச்சைக்கு வந்திருந்தார். அண்ணனுக்கு முன்னால் அவர் தலை குனியக்கூடாது. அதற்காக ஆறு நாளும் விடியற்காலை எழுந்து அவருக்குச் சம்படத்தில் சோறு கட்டினாள், சட்டை தேய்த்து வைத்தாள், எட்டேகாலுக்கு அவர் கம்பெனிக்குப் போகிறவர்போலக் கிளம்பினார், ஐந்தரைக்குத் திரும்பினார். எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவள் ஒரே ஒருமுறை கேட்டாள், வ.உ.சி. பூங்கா என்றார், நிழலாக இருக்குமா என்று கேட்டாள். நிழலாக இருக்குமா. அரசாணிக்காய்ப் பொரியல் அவருக்குப் பிடிக்கும் என்று இரண்டு நாள் வைத்தாள். சம்படம் ஒவ்வொரு நாளும் கழுவினதுபோலத் திரும்பி வந்தது, ஒரு பருக்கைகூட மிச்சமில்லை, அதைப் பார்த்து அவளுக்கு மனம் நிறைந்தது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் காப்பாற்றுகிறோம், இதுவல்லவா குடும்பம் என்று சிங்க்கின் முன்னால் நின்று நினைத்தாள். ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதரைத் தேய்த்த சட்டையோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு. அவர் மானத்தைக் காத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். யாருடைய மானம். இப்போது அந்த வாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் பூங்காவின் பெஞ்சில் அவர் இருக்கிறார், மடியில் சம்படம், பத்து மணி, பதினொரு மணி, சாப்பிடும் நேரம் ஆகவில்லை. “அண்ணனுக்கு நான் இன்னைக்கே சொல்லிர்றேன்,” என்றாள். “அந்த ஒரு வாரத்தைப் பத்தி. நான்தான் அப்படிப் பண்ணினேன்னு.” “உங்க அண்ணனுக்கு அப்பவே தெரியும்,” என்றார் திருமூர்த்தி. “ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற வழியில என்னைப் பாத்துட்டாரு. ஒரு கண்ணுல கட்டோட வந்து பக்கத்துல உக்காந்தாரு. ஒண்ணும் கேக்கல. ‘மாப்ளே, உங்க சம்படத்துல எனக்கும் கொஞ்சம் வையுங்க’ன்னாரு. மீதி நாலு நாளும் மத்தியானம் நடக்கப்போறேன்னு உன்கிட்டச் சொல்லிப்போட்டு அங்கதான் வந்தாரு. உனக்குத் தெரிய வேண்டாம், நீ வருத்தப்படுவேன்னு அவருதான் சொன்னாரு.” அண்ணன். அந்த நாலு மத்தியானமும் நடந்துவிட்டு வந்து, வீட்டில் பசியில்லை அம்மிணி என்று மோர் மட்டும் குடித்த அண்ணன். பொரியல் அதிகமாகத்தான் வைத்துவிட்டோமோ, இருந்தாலும் தீர்த்துவிடுகிறாரே என்று அவள்.

ஐந்து மணிக்கு வண்டி கீழே இறங்கியது. புது டயர்களின் மேல் சின்னச் சின்ன ரப்பர் மயிர்கள். முஸ்தபா கருவியை வண்டிக்குள் சொருகிவிட்டு வந்தார். “பழைய நம்பரை எல்லாம் அழிச்சாச்சு மேடம். புதுசு நாலையும் அதுவாப் படிச்சுக்கும். ஒரு பத்து கிலோமீட்டர் நிக்காம ஓட்டுங்க, அது வரைக்கும் விளக்கு கண்ணடிச்சிட்டே இருக்கும், பயப்படாதீங்க.” அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்; காந்திபுரத்தில் இறக்கிவிட்டால் பொள்ளாச்சிப் பேருந்துக்குப் போய்விடுவேன் என்றார். காந்திபுரத்துக்குத் திரும்பாமல் அவள் மேட்டுப்பாளையம் பக்கம் வண்டியை விட்டாள். மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பத்து கிலோமீட்டர். அதற்குள் சொல்ல வேண்டும். நாளைக்கு என்று தொடங்க வேண்டும். நாளைக்கு என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, கியர் மாற்றினாள், லாரி ஒன்றை முந்தினாள், பெரியநாயக்கன்பாளையம் தாண்டியது, அந்தச் சொல் அங்கேயே நின்றது. சொல்லி அவர் சரி என்றால் இந்தச் சாலையிலேயே அழுதுவிடுவாள். இல்லை என்றால் எப்படித் திரும்ப ஓட்டுவது. “நாளைக்கு நாம போகாம இருந்தா என்னங்க?” அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தார். “கோகி, இந்த எட்டு மாசம் விளக்கு எரிஞ்சப்பெல்லாம் சனிக்கிழமை வந்தேனே. பொள்ளாச்சியிலிருந்து ரெண்டு பஸ் மாறி. காத்தடிக்கவா வந்தேன்? மேல வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன். பங்க்குலயே சாவியை வாங்கிட்டு, பங்க்குலயே என்னை அனுப்பிவிட்டே.” “உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு…” “எனக்கு எது சங்கடம்னு நீ என்னைக் கேட்டதே இல்ல.” குரலில் உரப்பில்லை, பாடப்புத்தகத்தில் ஒரு வரியைப் படித்ததுபோலச் சொன்னார். “கோவமும் இல்ல இப்போ. கோவம் இருந்த வரைக்கும் திரும்பி வந்தர்லாம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை பஸ்ல வர்றப்ப பாத்தேன், அது இல்ல. எங்க எறங்கிப் போச்சுன்னே தெரியல.” ஆடி மாதம். ஆடி மாதத்தில் எந்தச் சனிக்கிழமை. அன்று அவள் என்ன புடவை கட்டியிருந்தாள், என்ன பேசினாள், பங்க்கில் யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடப்போகிறார்கள் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, அவர் முகத்தை ஒருமுறையாவது பார்த்தாளா. விளக்கு நின்றது. நாலு சக்கரமும் காற்றழுத்த எண்களோடு படத்தில் தெளிவாக வந்தன, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று. “படிச்சிருச்சு,” என்றார் அவர். “திருப்பு. நாளைக்குப் பத்தரைக்கு. ஆதார் அசலை எடுத்துக்கோ, நகல் போதாதுங்கறாங்க.”

மறுநாள் புதன்கிழமை காலை முஸ்தபா ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து, கழற்றிப்போட்ட பழைய டயர்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். மதிவதனி திருச்சி விடுதியிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று, பிறகு வகுப்புக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள். திருமூர்த்தி ஏழேகால் பேருந்தில் இடம் கிடைக்காமல் உக்கடம் வரை நின்றுகொண்டே வந்தார். கோகிலவாணி ஆறு மணிக்கே உடுமலைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எட்டு மாதமாக மறைத்த பிரிவையும் இன்றைய கோர்ட்டையும் அண்ணனிடம் சொன்னாள். எதற்கு, ஏன் என்று எதுவும் கேட்காமல், எத்தனை மணிக்கு என்று மட்டும் தணிகாசலம் கேட்டார். படியிறங்கும்போது எதிர் வீட்டுக்காரி இவ்வளவு சீக்கிரம் எங்கே என்று கேட்டாள், எனக்கும் அவருக்கும் இன்றைக்கு விவாகரத்து என்று அவள் நின்று சொன்னாள், எதிர் வீட்டுக்காரி செருப்பைப் போட மறந்து வாசல்வரை கூடவே வந்தாள். நீதிமன்றத்தில் தணிகாசலம் இருவருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பேர் கூப்பிட்டதும் இருவரோடும் எழுந்து உள்ளே வந்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். கோகிலவாணி வாய் திறப்பதற்குள், “எனக்கு மச்சானுங்க,” என்றார் திருமூர்த்தி. அதன் பிறகு நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் முதலிலும் அவள் அடுத்தும், சம்மதம் என்றார்கள்.